பூஜ்யமே எங்கள் லட்சியம்

எங்கள் கடை வாசலில் "பூஜ்யமே எங்கள் லட்சியம்" என்று ஒரு போர்டு தொங்குகிறது. எழுதி மாட்டியவர் என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர், கடை முதலாளி, எனக்குச் சம்பளம் கொடுப்பவர் எல்லாமே அவர்தான் என்பதால் அந்தப் போர்டைப் பார்த்து நான் சிரிக்க முடியாது. தெருவில் போகிறவர்கள் எனக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். விளம்பரம் நன்றாக வேலை செய்கிறது என்று அத்தானுக்கு ஏகப்பட்ட பெருமை.

கடை கார் சக்கரங்களுக்கானது. டயர் மாற்றுவோம், பஞ்சர் ஒட்டுவோம், காற்றுப் பிடிப்போம். அதோடு வீல் பேலன்ஸிங் செய்வோம். அது என் வேலை. சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழலவிட்டால், எந்த இடத்தில் கனம் கூடியிருக்கிறது என்று திரையில் எண் வரும். அதற்கு எதிர்ப்பக்கம் ரிம்மில் அதே அளவுக்கு ஈயத்துண்டு ஒட்ட வேண்டும். மறுபடி சுழலவிட்டால் திரையில் இரண்டு பூஜ்யம் வரும். பூஜ்யம் வந்துவிட்டால் வேகமாகப் போகும்போது ஸ்டீரிங் உதறாது. வித்தை அவ்வளவுதான், ஆனால் பூஜ்யம் வரும்போது பார்க்கிறவர்கள் முகத்தில் ஒரு பரவசம் வரும் பாருங்கள், அதை வைத்துத்தான் அத்தான் கடையையே மாற்றிக் கட்டினார்.

மெஷினுக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை. உள்ளே சோபா, மின்விசிறி, மீன் இல்லாத மீன்தொட்டி. திரையை அந்த அறையைப் பார்த்தமாதிரி திருப்பி வைத்தாகிவிட்டது. வண்டிக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே தங்கள் சக்கரம் பூஜ்யமாவதைக் கண்குளிரப் பார்ப்பார்கள். சிலர் கைதட்டுவதும் உண்டு. வேலை செய்கிற எனக்குத் திரை தெரியவேண்டுமானால் கழுத்தை ஒடித்துத் திரும்ப வேண்டும்.

அதோடு விட்டாரா? தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டார். டயர் கடைக்கு வெள்ளை டைல்ஸ்! முன்பெல்லாம் சக்கரத்தைக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சி, பிரஷ் போட்டுத் தேய்த்து, ரிம்முக்குள் அப்பியிருக்கும் சேறு சகதியை எல்லாம் சுரண்டிவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுவேன். டைல்ஸ் வந்த அன்றே தண்ணீர்க் குழாய் சுருட்டிப் பின்பக்கம் போடப்பட்டது. நான் சும்மா இருக்கவில்லை.

"அத்தான், கழுவாம ஏத்துனா சேத்துக்கும் சேர்த்து ஈயம் ஒட்டுறோம். நாளைக்குச் சேறு காஞ்சு விழுந்துரும். ஈயம் அங்கயே நிக்கும். வண்டி முன்னைவிட மோசமா உதறும்" என்றேன்.

"திரையில என்ன வருது?"

"பூஜ்யம்தான் வருது. எது சக்கரம், எது சேறுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கே தெரியாதப்ப கஸ்டமருக்கு எங்க தெரியப் போகுது மச்சான்? அவரு திரையைத்தானே பாக்குறாரு. ரிம்முக்குள்ள தலையை விட்டா பாக்குறாரு?"

இந்த மாதிரி ஒரு பதிலுக்கு மேல் பேசினால் அக்காதான் சங்கடப்படுவாள். வாயை மூடிக்கொண்டு ஊரார் வண்டிச் சேற்றுக்கெல்லாம் ஈயம் ஒட்ட ஆரம்பித்தேன்.

அத்தானுக்கும் அக்காவுக்கும் ஒரே பெண். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், இன்னமும் எங்களுக்கெல்லாம் பாப்பாதான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான், அதனால் அவள் விஷயத்தில் எனக்குப் பாரபட்சம் உண்டு, அதை மறைக்கப் போவதுமில்லை. லீவு நாட்களில் கடைக் கல்லாவில் உட்காருவாள். அந்த நாட்களில் மட்டும் ஒரு பையன் தவறாமல் காற்றுப் பிடிக்க வருவான். அவன் டயரில் காற்று குறைந்து நான் பார்த்ததே இல்லை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சொன்னால், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துருங்கண்ணே" என்று கல்லாப் பக்கம் பார்த்தபடி சொல்வான். ஒரு கட்டத்தில் நானே காற்றை இறக்கிவிட்டு மெதுவாகப் பிடிக்க ஆரம்பித்தேன். பாவம், எவ்வளவு நேரம்தான் அவனும் நிற்பான்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. யாரும் பெரிதாகக் குதிக்கவில்லை. பையனின் அப்பா ரோடு காண்ட்ராக்டர். அவரை ரோடுக்காரர் என்றே சொல்கிறேன். அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே புதிதாக ஒரு நெடுஞ்சாலை போட்டு முடித்த சூட்டில் இருந்தார். பிள்ளைகள் ஆசைப்பட்டுவிட்டார்கள், பெரியவர்கள் பார்த்துப் பேசிவிடலாம் என்று குடும்பத்தோடு அந்தப் புதுச்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் பேச்சே ரோட்டைப் பற்றித்தான்.

"தொட்டில்ல படுத்த மாதிரி இருந்துச்சு. டம்ளர்ல தண்ணி வச்சாக்கூட அலுங்காது" என்றார். அவருடைய சம்சாரம் காரிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தான் சும்மா இருப்பாரா? வந்தவர்களுக்குத் தன் வித்தையைக் காட்டவேண்டுமே. "பேச்சு அது பாட்டுக்கு நடக்கட்டும், உங்க வண்டி நாலு வீலும் நம்ம செலவுல பேலன்ஸ் பண்ணிடலாம்" என்று ரோடுக்காரரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்.

முன்பக்கச் சக்கரம் ஒன்றைக் கழற்றினேன். ரிம்முக்குள் கையகலத்துக்குத் தார்க்கட்டி ஒன்று அப்பியிருந்தது. புது ரோட்டில் சூடு ஆறாத இடத்தில் சக்கரம் ஏறியபோது பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கல்லும் தாரும் கலந்து, வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட் ஒரு சில்லு ஓரத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதாவது, ரோடுக்காரர் வரும்போது ரோட்டில் கொஞ்சத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

உளியை எடுத்துச் சுரண்டப் போனேன். டொக் டொக்கென்று கண்ணாடியில் மோதிரத்தால் தட்டும் சத்தம். அத்தான் உள்ளேயிருந்து டைல்ஸைக் காட்டினார், பிறகு மெஷினைக் காட்டினார். தார் சிந்திவிடும், அப்படியே ஏற்று என்று அர்த்தம். ஏற்றினேன். எதிர்ப்பக்கம் வரிசையாக ஈயம் ஒட்டினேன். அவ்வளவு ஈயத்தை ஒரே சக்கரத்தில் நான் ஒட்டியதே இல்லை. சுழலவிட்டேன். பூஜ்யம், பூஜ்யம். ரோடுக்காரர் கைதட்டினார். அத்தான் பந்தயத்தில் ஜெயித்தவர்போல நிமிர்ந்தார். நான் சக்கரத்தை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொல்லத்தான் அழைக்கிறார் என்ற நினைப்பு.

"வண்டிய என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? பாதி வழியில உதற ஆரம்பிச்சது, வீடு வர்ற வரைக்கும் நிக்கல. பல்லெல்லாம் ஆடுது" என்றார் ரோடுக்காரர்.

"வீல்ல குறை இருக்காதுங்க. பூஜ்யம் வந்ததை நீங்களே பாத்தீங்க. எந்த ரோட்டுல வந்தீங்க? சில ரோடு அப்படித்தான், மேடு பள்ளமா..."

"நான் போட்ட ரோட்டுலதான்யா வந்தேன்!"

அத்தான் நினைத்திருந்தால் அந்த இடத்தில் பேச்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. "அதுக்கு நான் என்னங்க செய்யறது?" என்றார். ரோடுக்காரர் போனை வைத்துவிட்டார்.

சண்டை பிடித்துக்கொண்டது. சக்கரம் சரி என்றால் ரோடு மோசம். ரோடு சரி என்றால் சக்கரம் மோசம். இரண்டு பேரும் அவரவர் தொழிலின் மானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டு நின்றார்கள். ரோடுக்காரர் வண்டியை வேறு கடையில் காட்டியிருக்கலாம் அல்லவா? காட்டமாட்டார். "அங்க சரி பண்ணின பிறகும் நம்ம ரோட்டுல வண்டி குதிச்சா அப்பா மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?" என்று பையன் பாப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அத்தானாவது வண்டியை வரச்சொல்லிப் பார்த்திருக்கலாம். பார்க்கமாட்டார். மறுபடி பார்த்தால் முதலில் பார்த்தது தப்பு என்று ஆகிவிடுமே. ஆக, அந்தக் கார் உதறிக்கொண்டே ஓடியது, கல்யாணப் பேச்சு நின்றுபோனது.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். காற்றுப் பிடிக்கிற இடத்தில் யாராவது வண்டியை நிறுத்தினால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தார்க்கட்டியை எடுத்து அத்தான் மண்டையில் போடலாமா என்று ஆத்திரம் வந்தது. வழியில் கட்டி விழுந்து, எதிர்ப்பக்க ஈயம் மட்டும் நின்றதால்தான் உதறல் என்று அத்தானுக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னேன். "கட்டின்னு ஒண்ணு இருந்ததாவே எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார். முதலாளிக்கு ஞாபகம் இல்லாததைத் தொழிலாளி பார்த்திருக்க முடியாது.

கடைசியில் வழி கண்டுபிடித்தது அக்கா. சமையலறையில் என்னை உட்காரவைத்து, எனக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டாள். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"தம்பி, நீ ஒத்துக்கோடா" என்றாள்.

"எதைக்கா?"

"அன்னைக்கு நீதான் கவனக்குறைவா தப்பா ஒட்டிட்டேன்னு. கடை மேலயும் தப்பில்ல, அவரு ரோட்டு மேலயும் தப்பில்ல. ரெண்டு பேரும் இறங்கி வந்துருவாங்க."

"அப்ப என் மானம்?"

"உனக்கென்னடா, நீயென்ன வாசல்ல போர்டா மாட்டி வச்சிருக்க? பாப்பாவுக்காகடா."

அந்தக் கடைசி வார்த்தையை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சமையல் தேவைப்பட்டிருக்காது. சரி என்றேன்.

ரோடுக்காரர் காரில் வந்தார், பையன் ஓட்டிவந்தான். ஸ்டீரிங்கிலிருந்து எடுத்த பிறகும் அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் இரண்டு பேரும் கண்ணாடி அறையில் சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் அக்காவும் ரோடுக்காரர் சம்சாரமும். பாப்பா கதவோரம் நின்றாள். நான் அறை நடுவில் குற்றவாளி மாதிரி நின்று, அக்கா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்.

"தப்பு என்னோடதுதாங்க. அன்னைக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம். ஈயத்தை இடம் மாத்தி ஒட்டிட்டேன்."

ரோடுக்காரர் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன்! நல்ல கடை, நல்ல ரோடு, நடுவுல எங்கேயிருந்து உதறல் வரும்னு. மனுஷன் தப்பு பண்றது சகஜந்தானே" என்றார். அத்தான் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், அவ்வளவு இயல்பாக. எனக்கே ஒரு நிமிஷம் நான்தான் செய்தேனோ என்று தோன்றிவிட்டது.

"மாமா, எதுக்குப் பொய் சொல்றீங்க?" என்றாள் பாப்பா.

அவள் பையனைப் பார்த்தாள். தன் அப்பா முன்னால் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. வெளியே போய்க் காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து மேஜையில் வைத்தான். உள்ளே அந்தத் தார்க்கட்டி.

"அன்னைக்குத் திரும்பிப் போகும்போது டொக்குன்னு ஒரு சத்தம். அப்புறம்தான் உதறல் ஆரம்பிச்சுது. அப்பா தூங்கிட்டு இருந்தாரு. ஒண்ணுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு இறங்கிப் போய் எடுத்துட்டு வந்தேன். ரிம்முக்குள்ள ஒட்டியிருந்த தடமும் இதுவும் பொருந்துது" என்றான். பிறகு கட்டியைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்: "இது எங்கப்பா போட்ட ரோடு."

"அதுக்கு எதிர்ல இருக்கறது எங்கப்பா ஒட்டச் சொன்ன ஈயம். மாமா, வீலைக் கழட்டுங்க" என்றாள் பாப்பா.

என்னைத் தடுக்க அத்தானுக்கு நேரம் கிடைக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி மெஷினில் ஏற்றி, கட்டி இல்லாமல் சுழலவிட்டேன். திரையில் எண் எகிறியது. பிறகு ரிம்மில் கறுப்பாகப் படிந்திருந்த தடத்தில் கட்டியை வைத்து, டேப் போட்டு இறுக்கிச் சுற்றி, மறுபடி சுழலவிட்டேன். எல்லோரும் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கி வந்தார்கள். சக்கரம் வேகம் பிடித்துக் குறைந்து நின்றது. பூஜ்யம், பூஜ்யம்.

இனி ஒன்றும் மறைக்க முடியாது, இரண்டு பேரும் தலைகுனிவார்கள் என்று நான் நம்பினேன். இத்தனை வருஷம் அத்தானோடு இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"பாத்தீங்களா!" என்று துள்ளி எழுந்தார் அத்தான். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? நம்ம கடை பூஜ்யம் பூஜ்யந்தான்!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்!" என்று ரோடுக்காரரும் எழுந்தார். "என் ரோடு ஒட்டிக்கிட்டு இருந்த வரைக்கும் வண்டி ஆடவே இல்லையே! அது விழுந்த பிறகுதானே ஆடுச்சு!"

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். கடையிலும் தப்பில்லை, ரோட்டிலும் தப்பில்லை. புவியீர்ப்பு விசையில்தான் ஏதோ கோளாறு போல. அத்தான் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மச்சான், அந்தக் கட்டிய நல்ல பசையா போட்டு அங்கயே ஒட்டிரு. எந்தக் காலத்திலும் விழக்கூடாது."

"ஆமா, கெட்டியா ஒட்டுங்க. விழாத மாதிரி" என்றார் பின்னாலிருந்து ரோடுக்காரர். தான் போட்ட ரோட்டைப் பற்றி அவர் அந்த மாதிரி ஒரு அக்கறை காட்டி அன்றுதான் கேட்டேன்.

அந்தக் காரைத்தான் கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. நெடுஞ்சாலையில் என் பாப்பா போகும்போது அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு விழுந்தால்? பாப்பா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கழுவுங்க மாமா."

பின்பக்கம் போனேன். சுருட்டிக் கிடந்த குழாயை இழுத்து வந்தேன். அத்தான் "டேய், டேய்" என்று கத்தினார். சக்கரத்தை மெஷினிலிருந்து இறக்கி டேப்பை அறுத்தேன், கட்டியைக் குப்பைக்கூடையில் போட்டேன், ஒட்டியிருந்த ஈயம் அத்தனையையும் நெம்பி எடுத்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். ரிம்முக்குள்ளிருந்து தார்ப்பொடியையும் மண்ணையும் அடித்துக்கொண்டு தண்ணீர் வெள்ளை டைல்ஸ் மேல் கறுப்பாக ஓடியது. கண்ணாடிக் கதவின் அடியில் நுழைந்து சோபா வரைக்கும் போனது. பெரியவர்கள் இருவரும் வழுக்கி விழாமல் இருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதன் பிறகு ஆரம்பித்த திட்டு இருக்கிறதே! ஒருவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் தொடர்ந்தார்.

"பெரியவங்க ரெண்டு பேரு ஒரு முடிவு சொன்னா மதிக்கத் தெரியல பாருங்க!"

"இவனை வச்சு எப்படித்தான் கடை நடத்தறீங்களோ சம்பந்தி!"

"வீட்டுக்காரி தம்பியாப் போயிட்டான் சம்பந்தி, என்ன செய்ய!"

சம்பந்தி! அந்த வார்த்தையை இரண்டு பேரும் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அக்காவும் அதைக் கவனித்துவிட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்து சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திட்டத் திட்ட அவர்கள் நெருங்கி வந்தார்கள். நடுவே கல்யாண மண்டபம் பேசினார்கள், எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று பேசினார்கள், மறுபடி ஞாபகம் வந்து என்னைத் திட்டினார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சம்பந்தி. கல்யாணத்துல இந்த ஆளு முன்னாடி வந்து நிக்கக்கூடாது."

"நிக்க விடுவேனா? கடைசி வரிசையில ஒரு நாற்காலி போட்டு உட்கார வச்சிடறேன்."

அது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தில் முன்னால் நிற்க எனக்கும் ஆசை இருந்தது. பாப்பா சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். பேசாதே என்று நான் கண்ணைக் காட்டினேன். இப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள், காயட்டும்.

சுத்தமான சக்கரத்தை ஏற்றிச் சுழலவிட்டேன். சின்னதாக ஒரே ஒரு ஈயத்துண்டுதான் கேட்டது. ஒட்டிவிட்டுக் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். பூஜ்யம் வந்திருந்தது. கண்ணாடி அறையில் யாரும் பார்க்கவில்லை, தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். பையன் காருக்கு அடியில் ஜாக்கி வைத்து அடுத்த சக்கரத்தைக் கழற்ற, அவள் அதை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.